திருப்பிப் போட்ட சட்டை

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறவனைக் கண்டால் மனிதர்களுக்கு நாக்கு அரிக்கும். கீழே பர்ஸ் விழுந்தால் சொல்லாதவன்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வான். "சார், சட்டை திரும்பியிருக்கு." சொல்லிவிட்டு நிற்பான். அவனுக்கு ஒரு நன்றி வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அசட்டுச் சிரிப்பாவது வேண்டும்.

செக்கர் முதலில் "தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தெரியும் என்றால் இன்னும் கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார்கள். பிறகு "ஓ, அப்படியா" என்று சொல்லிப் பார்த்தான். அதற்கு, ஓரமாகப் போய் மாற்றிக்கொள்ள இடம் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் திரைக்குப் பின்னால் தள்ளியேவிட்டார். செக்கர் அங்கே கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, போனபடியே வெளியே வந்தான். கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது.

செக்கர் என்பது அவன் வேலை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து வருகிற சட்டைகளைப் பார்த்துத் தேறியதை அனுப்பி, தேறாததைத் திருப்பி விடுகிற மேசைக்கு அவன் பொறுப்பு. காலையில் நின்றால் மாலைவரை சட்டையின் உள்பக்கத்தை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. வெளிப்பக்கத்தில் எல்லாச் சட்டையும் நல்ல பிள்ளைதான். முகம் கழுவி, பவுடர் பூசி நிற்கும். திருப்பினால்தான் சங்கதி தெரியும். தோளில் துணி பற்றாமல் இழுத்துப் பிடித்த இடம், அக்குளில் இரண்டு தையலும் முட்டிக்கொண்ட இடம், துணி பிரியாமலிருக்க ஓரத்தில் ஏணிப்படிபோல் ஓடுகிற ஓவர்லாக் நூல். பல வருடம் பார்த்துப் பார்த்து அவனுக்கு உள்பக்கம்தான் பிடித்துப்போயிற்று. அச்சடித்த பூ உள்பக்கத்தில் பனிக்குள் இருப்பதுபோல் மங்கித் தெரியும். பை இருக்கிற இடத்தில் ஒரு சதுரத் தையல்கோடு மட்டும் இருக்கும். இதை மறைத்துவிட்டு அந்தப் பவுடர் மூஞ்சியை எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றும்.

மனைவி இருந்தவரை அப்படிப் போட்டுக்கொண்டு வெளியே போனதில்லை. அவனுக்குத் துணி எடுப்பது அவள்தான். வெளிர்நீலம், வெளிர்மஞ்சள், சாம்பல். அவளுக்குக் கண்ணை உறுத்துகிற எதுவும் வீட்டுக்குள் வராது. ஒரு காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனாள், திரும்பி வரவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர்.

அதன் பிறகு வெகுநாள் தான் எதை உடுத்தினோம் என்று செக்கருக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியில் காய்ந்த சட்டையைத் திருப்பாமல் அப்படியே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். கழற்றக் கை போகவில்லை. நன்றாக இருந்தது. எதுவுமே நன்றாகவும் இல்லாமல் மோசமாகவும் இல்லாமல் இருந்த காலத்தில், நன்றாக இருக்கிறது என்று பட்ட முதல் பொருள் அதுதான்.

எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவன். கழுத்து லேபிளைத் தையல் பிரித்து எடுத்தான். பொத்தான்களை அறுத்து மறுபக்கத்தில் தைத்தான். காலரின் அடித்துணி வேறு நிறமாக இருக்கிற சட்டைகளைத் தேடி வாங்கினான். ஓவர்லாக் மெஷின்காரரிடம் சொல்லி உள்ளோரங்களுக்குச் சிவப்பு நூல் ஓட்டிக்கொண்டான். பீரோவில் அவன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒருவனுடைய பீரோ ஆயிற்று. அந்த வேறு ஒருவனை அவனுக்குப் பிடித்திருந்தது.

தொழிற்சாலையில் முதலில் வாயைத் திறந்தது பிசிறு அக்கா. சட்டையில் தொங்குகிற நூல்பிசிறுகளை வெட்டுவது அவள் வேலை. பேச்சிலும் ஒரு பிசிறை விடமாட்டாள்.

"என்ன சார் இது?"

"சட்டை."

"தெரியுது." முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். "பாவம், எடுத்துக் குடுக்க ஆள் இல்ல."

"நானாத்தான்கா இப்படிப் போட்டேன்."

"அப்படித்தான் இருக்கும். எங்க சித்தப்பாகூட, சித்தி போனப்புறம் உப்பு இல்லாமதான் சாப்பிட்டாரு."

"எனக்கு இது பிடிச்சிருக்கு."

"அவரும் அதையேதான் சொன்னாரு."

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் யாருக்கோ வேலை போகிறது என்று பொருள். இந்தமுறை தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"லீவு வேணுமாப்பா? மலை, கடல்னு எங்கயாவது போயிட்டு வா."

"வேண்டாம் சார். சட்டை விஷயமா இருந்தா, எனக்குப் பிடிச்சுத்தான் போடறேன்."

"புரியுது, புரியுது" என்றார் மேனேஜர். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தால், புரியவில்லை என்பது புரிந்தது.

இரக்கம் ஒட்டுவாரொட்டி. மேசையிலிருந்து தையல் வரிசைக்கும் பரவிற்று. முன்பெல்லாம் அவன் ஒரு கட்டுச் சட்டையைத் தேறாது என்று திருப்பி அனுப்பினால் வரிசை மேற்பார்வையாளர் வரிந்து கட்டிக்கொண்டு வருவார். "இதுல என்னய்யா குறை, உன் கண்ணுல குறை" என்பார். அரை மணி நேரம் காரசாரமாக ஓடும். இப்போது வாயே திறப்பதில்லை. சோதித்துப் பார்க்க, பழுதே இல்லாத ஒரு கட்டை வேண்டுமென்றே திருப்பி அனுப்பினான் செக்கர். மேற்பார்வையாளர் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போய், நல்ல தையலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். செக்கர் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியிருந்தது.

"ஏன் சார் சண்டை போடல? அது நல்ல கட்டு."

"விடுப்பா," என்று தோளைத் தட்டினார். "உன் மனசு இருக்கிற இருப்புக்கு."

அன்று அவனுக்கு வந்த எரிச்சலில் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடாததையும் பிசிறு அக்கா பார்த்துவிட்டாள்.

இதெல்லாம் போகட்டும், ஊர் வாய். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்ததும்தான் காரியம் கைமீறியது.

குட்டியின் வகுப்பாசிரியை மென்மையாகப் பேசுகிறவர். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் அவனை உட்காரச் சொன்னார். முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்தான். அவர் அவன் சட்டையின் சிவப்பு ஓரத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"நேத்து உங்க பொண்ணு யூனிஃபார்மைத் திருப்பிப் போட்டுட்டு இருந்தா சார். சாயங்காலம் வரைக்கும்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"இந்த மாதிரி விஷயத்தை நேரா கேக்கக் கூடாது. பயிற்சியில சொல்லியிருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "குழந்தைங்க வீட்டுல பார்க்கிறதைத்தான் செய்வாங்க. அவ பாட்டி நம்பர் இருந்தது. பேசிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வெளியே வராந்தாவில் மகளைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏன் குட்டி, சட்டையைத் திருப்பிப் போட்ட?"

"பெயிண்ட் கொட்டிருச்சுப்பா. பச்சை. முன்னாடி ஃபுல்லா."

"மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"கேக்கவே இல்லப்பா. தலையைத் தடவி சாக்லேட் குடுத்தாங்க." கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கும் திருப்பிப் போடட்டா?"

மாலையில் மாமியார் போன் செய்தாள். தொலைவில், மகன் வீட்டில் இருக்கிறவள். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வரேன். குட்டி துணிமணியெல்லாம் எடுத்து வைங்க."

"எதுக்கு அத்தை?"

"கொஞ்ச வருஷம் என்கிட்ட இருக்கட்டும். இங்க பக்கத்துலயே ஸ்கூல் பேசிட்டேன்."

"அத்தை, அது பெயிண்ட் கொட்டினதால—"

"டீச்சர் எல்லாம் சொன்னாங்க. உங்களை யாரும் குத்தம் சொல்லல மாப்பிள்ளை. உங்களால முடியல. அவ்வளவுதான்."

குற்றம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அனுதாபத்தோடு மல்லுக்கட்டுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். குட்டி போய்விட்டால் இந்த வீட்டில் சத்தம் போடுகிற பொருள் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்.

ஆனது ஆகட்டும், நேராகவே போட்டுத் தொலைப்போம் என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் 'ஆள் சரியாகிவிட்டான்' என்று நாலு பேர் சொன்னால் அது மாமியார் காதுக்கும் போகும். ஆனால் அதற்கும் வழி இல்லை. எல்லாச் சட்டையிலும் பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. நேராகப் போட்டால் அவை உள்ளே போய் நெஞ்சில் அழுந்தும். தேடியதில், மனைவி வாங்கி வைத்துப் பிரிக்காமலே கிடந்த ஒரு வெளிர்மஞ்சள் சட்டை கிடைத்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

தொழிற்சாலை வாயிலிலேயே காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். மேற்பார்வையாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிசிறு அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் நெட்டி முறித்தாள்.

"இப்பத்தான் சார் மனசு குளிர்ந்துது."

மேனேஜர் மேசைக்கே வந்து கைகுலுக்கினார். "தேறிட்டப்பா. நான் சொல்லல, காலம் எல்லாத்தையும் ஆத்திரும்."

செக்கர் கையை விடுவித்துக்கொண்டான். அன்று காலைதான் அவன் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு, ஒன்றைத் தொட்டியில் ஊற்றியிருந்தான்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பிசிறு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க நாத்தனாருக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு சார். அமைதியான பொண்ணு."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? நீங்கதான் இப்ப நல்லா ஆயிட்டீங்களே."

காலையில் தேறியவனுக்கு மத்தியானத்துக்குள் பெண் பார்த்தாகிவிட்டது. செக்கர் டப்பாவை மூடினான். திருப்பிப் போட்டால் பைத்தியம். நேராகப் போட்டால் மறந்துவிட்டான். இரண்டும் இல்லாத ஒரு சட்டை எந்தக் கடையில் விற்கிறது? அவன் பாட்டுக்கு ஒரு துணியை உடுத்துகிறான். அதை ஆளாளுக்கு இறப்புச் செய்தி மாதிரி வாசிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வெளிர்மஞ்சளை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றான். மடித்து உள்ளே வைத்தான். கருநீலச் சட்டையை, சிவப்பு ஓரம் வெளியே தெரிய, திருப்பிப் போட்டுக்கொண்டான். இது முட்டாள்தனம் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஒருநாள் நடித்தால் போதும். ஆனால் ஒருநாள் 'மறந்துவிட்டேன்' என்று நடித்தால், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அதே வேஷம்தான்.

மாமியார் ஒரு பெரிய காலிப் பையோடு வந்தாள். குட்டியின் துணிகளுக்காகக் கொண்டுவந்த பை. சட்டையைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். குட்டியின் கன்னத்தைக் கிள்ளி, படம் வரைய உள்ளறைக்கு அனுப்பினாள். பிறகு நேராகப் பின்பக்கக் கொடிக்குப் போய்த் துணியெல்லாம் வாரிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். குட்டியின் கவுனைப் பையில் வைத்தாள். இன்னொரு கவுன். கையோடு கையாக அவன் சட்டைகளையும் எடுத்து, திருப்பி நேராக்கி மடித்தாள். மூன்றாவது சட்டையில் கை நின்றது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"பொத்தானெல்லாம் உள்ளே இருக்கு."

"உள்ளே இல்ல. அதுதான் வெளியே."

அவள் சட்டையை மறுபடி திருப்பினாள். பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"யார் தைச்சது?"

"நான்தான்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"அப்ப கவனமில்லாம மாட்டிட்டுப் போறதில்ல இது."

"அதைத்தானே அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். கரடியாக் கத்தினாலும் யார் கேக்கறா? தெரிஞ்சுதான் போடறேன். பிடிச்சுத்தான் போடறேன்."

"அவ போன துக்கத்துல—"

"துக்கம் வேற, சட்டை வேற."

"அவ இருந்தா இப்படி விட்டிருப்பாளா?"

அங்கே அவன் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு வாரத்து எரிச்சல் மூட விடவில்லை.

"விடமாட்டா," என்றான். "சத்தியமா விடமாட்டா. ஒரு தடவை வீட்டுக்குள்ளயே போட்டுப் பார்த்தேன். நான் செத்ததுக்கப்புறம் போட்டுக்கோங்கன்னு சொன்னா."

உள்ளறையில் குட்டி பென்சில் சீவுகிற சத்தம் கேட்டது.

மாமியார் மெதுவாகத்தான் பேசினாள். "அப்ப என் பொண்ணு போனது உங்களுக்கு வசதியாப் போச்சு."

"சட்டைக்கு மட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மத்த எல்லாத்துக்கும் திண்டாட்டம்தான் அத்தை," என்றான்.

முடிந்தது என்று நினைத்தான். வாயில் சனி உட்கார்ந்தால் இப்படித்தான். இனி அந்தப் பை நிறையும், குட்டி செருப்பைத் தேடுவாள், பேருந்து நிலையம்வரை போய்க் கையாட்டிவிட்டு வர வேண்டும். மாமியார் பையை நகர்த்தினாள். அவன் பக்கமா, தன் பக்கமா என்று தெரியவில்லை.

"எப்படிச் சொன்னா?" என்றாள்.

"என்ன?"

"செத்ததுக்கப்புறம் போட்டுக்கோங்கன்னு சொன்னாளே. கோவமாவா, சிரிச்சிட்டா?"

செக்கர் யோசித்தான். இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. "பல் தேய்ச்சிட்டு இருந்தா. வாய் பூரா நுரை. முதல்ல புரியல. என்னன்னு கேட்டேன். துப்பிட்டு வந்து மறுபடி சொன்னா."

மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி ஆரம்பித்து வேறு எங்கோ போயிற்று. முகத்தைக் கையிலிருந்த சட்டையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி சொல்லுவா. ஒரு தடவை சொன்னாப் போதாது அவளுக்கு. எனக்கு நல்ல ரத்தச் சிவப்புல ஒரு புடவை கட்டணும்னு ஆசை. 'அம்மா, உன் வயசென்ன, அந்தக் கலர் என்ன'ன்னு கடையிலயே வெச்சு மானத்தை வாங்கினா. அந்தக் கடைக்காரன் முன்னாடி. அப்புறம் நான் சிவப்பே எடுத்ததில்ல."

"இப்ப எடுத்துக்கோங்க."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் சுள்ளென்று. "நீங்களும் நானும் ஒண்ணா?"

கொஞ்ச நேரம் மடித்த துணிகளையே அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு இரண்டு கவுன்களையும் வெளியே எடுத்து வைத்தாள்.

"சரி. குட்டி இங்கயே இருக்கட்டும். பொத்தான் இப்படித் தைக்கிறவனுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதா என்ன."

செக்கர் மூச்சு விட்டான்.

"பரீட்சை முடியற வரைக்கும் நானும் இங்க இருக்கேன். அவளுக்குத் தலைகூடச் சரியா வாரி விடல நீங்க."

விட்ட மூச்சு பாதியில் நின்றது. "உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்—"

"எனக்குச் சிரமம் ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் சிரமம்."

காலிப் பையோடு வந்தவளுக்கு மாற்றுப்புடவை கிடையாது. குளித்துவிட்டு, அவனைக் கேட்காமல் பீரோவின் மறுபக்கத்தைத் திறந்தாள். அவன் அந்தக் கதவைத் திறந்து வெகுநாள் ஆகியிருந்தது. பின்பக்கம் போய் நின்றுகொண்டான். அங்கேயும் குரல் கேட்டது.

"எல்லாம் பாத்திரம் கழுவின தண்ணி கலரு. ஒண்ணாவது புடவை மாதிரி இருக்கா. எங்க போய்த் தேடிப் பிடிச்சாளோ."

திட்டிக்கொண்டே ஒரு சாம்பல் நிறத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். செக்கர் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் அன்று முழுக்க அவள் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினான்.

மறுநாள் காலை அடுப்படி அவனுடையதாக இல்லை. குட்டிக்கு இரட்டைச் சடை ஏறியிருந்தது. அவன் கோடு போட்ட சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பையை மாட்டி, செருப்பில் கால் நுழைக்கும்போது மாமியார் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இனி 'பாவம்' வரும், பெருமூச்சு வரும் என்று அவன் காத்திருந்தான்.

"இது நல்லா இல்ல," என்றாள்.

"எது?"

"இந்தச் சட்டை. கோடு உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிதான் இருக்கு. இதைத் திருப்பிப் போட்டு என்ன பிரயோசனம்? நேத்து போட்டிருந்தீங்களே நீலம், அது எடுப்பா இருந்தது. சிவப்பு ஓரம் வேற."

"நேரமாச்சு அத்தை."

"நேரமாச்சுன்னா இதோடயே போங்க. எனக்கென்ன. நான் பார்த்ததைச் சொன்னேன்."

செக்கர் கதவுவரை போனான். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கோடு. இரண்டு பக்கமும் ஒன்றுதான். நாள் முழுக்க இதையே பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போய் நீலத்தை மாட்டிக்கொண்டு வந்தான்.

"இப்பப் பாரு," என்று மாமியார் குட்டியிடம் சொல்வது கேட்டது.

பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்த பேருந்துக்கு நிற்கிறவரை அவனுக்கு எரிச்சல் அடங்கவில்லை. அவள் சொன்னது தவறாக இருந்திருந்தால் அடங்கியிருக்கும்.